சி டிரைவில் 253 ஜிபி கணக்கில் வரவில்லை, எங்கே போயிருக்கும்?

செந்தூல்_தையல்

எல்லாருக்கும் வணக்கம், தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மடிக்கணினியில் விண்டோஸ் 11, 512 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், சி டிரைவ் ஒன்றுதான். நான் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன், ஆரி வேலைப் படங்களும் வாடிக்கையாளர்கள் அனுப்பும் வீடியோக்களும் தவிர இதில் வேறு சரக்கு இல்லை, கேம் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் மொத்தம் 476 ஜிபி, காலி 9 ஜிபி என்று சிவப்புக் கோடு காட்டுகிறது.

எது இடத்தைப் பிடிக்கிறது என்று பார்க்க சி டிரைவைத் திறந்து, மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொல்லி, எல்லாவற்றையும் தேர்வு செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தேன். 214 ஜிபிதான் வருகிறது. அந்தப் பக்கம் 467 நிரம்பிவிட்டது என்கிறான், இந்தப் பக்கம் 214 என்கிறான். மீதி 253?

ரீசைக்கிள் பின் காலி. டிஸ்க் கிளீனப் ஓட்டியதில் 3 ஜிபிகூடத் தேறவில்லை. பழைய வீடியோக்களை வெளி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்தால் அன்றைக்கு இடம் கிடைக்கிறது, அப்புறம் கொஞ்ச நாளில் நான் ஒன்றும் புதிதாக வைக்காமலேயே அதுவும் நிரம்பிவிடுகிறது. கடையில் காட்டினேன், ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும், 150 வெள்ளி (ரிங்கிட்) என்றார்கள். தீபாவளி ஆர்டர் எல்லாம் இதில்தான் இருக்கிறது, ஃபார்மட் செய்ய மனம் வரவில்லை.


பட்டன்_தட்டி

வைரஸ்தான் அக்கா. யாரோ உங்கள் கணினியில் பிட்காயின் தோண்டுகிறார்கள்.


பிறைப்_பாலம்

பட்டன் தம்பி, பிட்காயின் தோண்டுகிறவனுக்கு டிஸ்க் எதற்கு? அவன் பிடிப்பது சிபியூவையும் கிராபிக்ஸ் கார்டையும். ஃபேன் கத்தும், கணினி சூடாகும், டிஸ்க் நிரம்பாது. டிஸ்க்கையே தின்கிற நாணயங்களும் உண்டு என்றாலும் இங்கே அதைச் சந்தேகிக்க ஒரு காரணமும் தெரியவில்லை.

அக்கா, நீங்கள் இரண்டு கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே பாதி வேலை. இந்த இரண்டு எண்ணும் வெவ்வேறு இடத்திலிருந்து வருகின்றன. டிரைவின் மேல் வலது கிளிக் செய்தால் வரும் அந்த வட்டப் படம் கோப்புகளை எண்ணுவதே இல்லை, எத்தனை கிளஸ்டர் (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் சிறு சிறு அறை) காலியாக இருக்கிறது என்று கோப்பு முறைமையிடம் கேட்டு அப்படியே சொல்கிறது. அதில் பொய் இருக்காது. நீங்கள் எல்லாவற்றையும் தேர்வு செய்து பார்க்கும்போது எக்ஸ்புளோரர் ஒவ்வொரு ஃபோல்டராக உள்ளே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறது. உங்கள் கணக்குக்கு உள்ளே போக அனுமதி இல்லாத ஃபோல்டர் வந்தால் அது உங்களிடம் கேட்காது, எச்சரிக்காது, பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். ஆக 253 தொலையவில்லை. உங்கள் கண்ணுக்குக் காட்டாத இடத்தில் இருக்கிறது. அந்த இடங்கள் அதிகம் கிடையாது, ஒரு கை விரலுக்குள் அடங்கும்.

முதலில் ஹைபர்ஃபில் (கணினி உறங்கப் போகும்போது ரேமில் இருப்பதை எழுதிவைப்பது), பேஜ்ஃபைல் (ரேம் போதாதபோது கைகொடுப்பது) என்ற இரண்டு கோப்புகள், இவை சி டிரைவைத் திறந்ததும் முதல் மட்டத்திலேயே இருக்கும். "மறைந்த கோப்புகளைக் காட்டு" என்பதைத் தட்டினாலும் இவை வராது, "பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை" என்று ஃபோல்டர் ஆப்ஷனில் இன்னொரு டிக் இருக்கிறது, அதை எடுத்தால்தான் தெரியும். ஹைபர்ஃபில் வழக்கமாக ரேமில் 40 சதவீதம், உங்கள் 16க்கு ஆறரை ஜிபி போல வரும். பேஜ்ஃபைல் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். இரண்டும் சேர்ந்தாலும் 253க்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்தது சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டர். அட்மின் கணக்கில் இருந்தாலும் உள்ளே விடமாட்டான். என் சந்தேகம் முழுக்க இதன்மேல்தான். அப்புறம் அதே கணினியில் வேறு யாருக்காவது தனிக் கணக்கு இருந்தால் அவருடைய ஃபோல்டர்.

ஊகித்துக்கொண்டு இருக்க வேண்டாம். விஸ்ட்ரீ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, சொந்த உபயோகத்துக்கு இலவசம். அது ஒவ்வொரு ஃபோல்டராக நுழைவதில்லை, விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் தன் கோப்புகளுக்கெல்லாம் வைத்திருக்கும் முதன்மைப் பட்டியலையே நேராகப் படிக்கிறது, அதனால் அனுமதிச் சிக்கல் இல்லை, சில நொடியில் முடிந்துவிடும். முக்கியம்: வலது கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறக்க வேண்டும். சும்மா திறந்தால் எக்ஸ்புளோரர் சொன்ன அதே கதையைத்தான் இதுவும் சொல்லும். பார்த்துவிட்டு மேலே இருக்கும் பெரிய ஐந்தாறு வரிகளை இங்கே போடுங்கள். அதுவரை எதையும் அழிக்காதீர்கள்.


வெள்ளைக்_காப்பி

இவ்வளவு எதற்கு? விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று இருக்கும், பத்துப் பதினைந்து ஜிபி, எல்லாம் பழைய குப்பை, அதைத் தூக்கிப் போடுங்கள். அதே இடத்தில் இன்ஸ்டாலர் ஃபோல்டரும் இருக்கும், அதையும்.


பிறைப்_பாலம்

அண்ணே, தயவு செய்து வேண்டாம்.

வின்எஸ்எக்ஸ்எஸ் என்பது விண்டோஸின் பாகங்கள் உண்மையில் குடியிருக்கிற இடம். சிஸ்டம்32க்குள் நீங்கள் பார்க்கும் பல கோப்புகளுக்கு இங்கேயும் ஒரு பெயர் இருக்கும். ஒரே வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் இன்னொரு தெருவிலும் இருக்கிற மாதிரி. எக்ஸ்புளோரர் இரண்டு தெருவிலும் நடந்து இரண்டு வீடு என்று எழுதிக்கொள்கிறது. அதனால்தான் அந்த ஃபோல்டர் அத்தனை பெரிதாகத் தெரிகிறது. சொல்லப்போனால் அக்கா கூட்டிய 214 கூட அந்த அளவுக்குக் கொஞ்சம் ஊதிய எண்தான். உண்மையான அளவு வேண்டுமென்றால் டிஸ்ம் கட்டளையில் அனலைஸ் காம்போனன்ட் ஸ்டோர் என்று ஒரு வசதி இருக்கிறது, அது சரியாகச் சொல்லும், சுத்தம் செய்யத் தேவையா இல்லையா என்பதையும் அதுவே சொல்லும். கையால் அழித்தால் அடுத்த அப்டேட் ஏறாது, சில சமயம் விண்டோஸே எழுந்திருக்காது.

இன்ஸ்டாலர் ஃபோல்டர் இன்னும் மோசம், ஏனென்றால் அழித்த அன்றைக்கு ஒன்றுமே ஆகாது. பல மாதம் கழித்து ஏதோ ஒரு மென்பொருளைப் புதுப்பிக்கவோ நீக்கவோ போகும்போது அதன் எம்எஸ்ஐ கோப்பை (அதை நிறுவப் பயன்பட்ட கோப்பு) தேடும், இருக்காது, அங்கேயே நின்றுவிடும். அப்போது யாருக்கும் இன்றைக்குச் செய்த வேலை ஞாபகம் இருக்காது.


வெள்ளைக்_காப்பி

நான் இரண்டு கணினியில் செய்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே.


ஈப்போ_ரோடு

காப்பி அண்ணே, இன்னும் ஆகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் 😄


ஓய்வு_வாத்தியார்

இடையில் ஒரு சந்தேகம், தனியாக இழை திறக்க வேண்டாமே என்று இங்கேயே கேட்கிறேன். அம்மணி தம்முடைய டிஸ்க் 512 என்கிறார், ஆனால் மொத்தம் 476 என்று காட்டுவதாகவும் சொல்கிறார். என் பேத்திக்கு வாங்கிக் கொடுத்ததில் பெட்டியில் 500 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறார்கள், கணினியில் 465தான் வருகிறது. இந்த 35 ஜிபி கடைக்காரர் எடுத்ததா, தயாரிப்பாளர் எடுத்ததா?


ஈப்போ_ரோடு

வாத்தியார் ஐயா, யாரும் எடுக்கவில்லை. பெட்டியில் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட். விண்டோஸ் ஒரு ஜிபி என்பது 1024ஐ மூன்று தடவை பெருக்கினால் வருவது, அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். 500க்கு 465, 512க்கு 476, 1 டிபிக்கு 931. மேக்கில் போட்டால் பெட்டியில் உள்ளபடியே 500 காட்டும், அவர்கள் பத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள். பேத்தியிடம் தாராளமாகச் சொல்லலாம், டிஸ்க் முழுசாகத்தான் இருக்கிறது.


ஓய்வு_வாத்தியார்

கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும். நன்றி தம்பி.


செந்தூல்_தையல்

விஸ்ட்ரீ போட்டுப் பார்த்தேன், அட்மினாகத்தான் திறந்தேன். நீங்கள் சொன்னது சரி. முதல் வரியே தலை சுற்றுகிறது.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்: 196 ஜிபி
யூசர்ஸ்: என்னுடையது 151, தம்பியின் கணக்கு 34
விண்டோஸ்: 27
பேஜ்ஃபைல்: 11
ஹைபர்ஃபில்: 6
மற்றதெல்லாம் சில்லறை

196 ஜிபிக்குள் போய்ப் பார்த்தால் வளைவு அடைப்புக்குறிக்குள் நீள நீளமாக எண்ணும் எழுத்தும் கலந்த பெயர்கள். ஒவ்வொரு பெயரும் இரண்டு துண்டாக இருக்கிறது, முதல் துண்டு மாறுகிறது, இரண்டாவது துண்டு எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, 3808876 என்று ஆரம்பிக்கிறது. ஒரு கோப்பு மட்டும் 140 ஜிபிக்கு மேல். இதுதான் வைரஸா?


பிறைப்_பாலம்

வைரஸ் இல்லை அக்கா. அந்த 3808876 என்று தொடங்கும் வால்தான் அடையாளம், அது இருந்தால் ஷேடோ காப்பி. எல்லா விண்டோஸ் கணினியிலும் அதே எண்தான்.

ஷேடோ காப்பி என்பது டிஸ்க் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எப்படி இருந்ததோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி. சிஸ்டம் ரீஸ்டோர் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது, பல பேக்கப் மென்பொருள்களும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. எடுக்கும் அந்த நிமிடத்தில் இது ஏறக்குறைய இடமே பிடிக்காது. அதற்குப் பிறகு டிஸ்க்கில் எந்தத் துண்டு மாறினாலும், மாறுவதற்கு முன்னால் இருந்த பழைய துண்டை எடுத்து இந்த ஃபோல்டருக்குள் பத்திரப்படுத்திவிட்டு அப்புறம்தான் மாற்ற விடும். அப்டேட் வந்தாலும், நீங்கள் வீடியோவை அழித்து அந்த இடத்தில் வேறு ஒன்று எழுதப்பட்டாலும், பழசு இங்கே வந்து சேரும். நீங்கள் முதலில் சொன்னீர்களே, அழித்தால் அன்றைக்கு இடம் வருகிறது, கொஞ்ச நாளில் தானாக நிரம்புகிறது என்று. அதற்குக் காரணம் இதுதான். நீங்கள் அழித்த வீடியோவைத்தான் அது சேர்த்து வைத்திருக்கிறது.

வழக்கமாக இதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கும், தாண்டினால் பழைய பிரதி தானாக விழுந்துவிடும். 196 வரை போயிருக்கிறது என்றால் வரம்பு இல்லை என்று அர்த்தம். பார்த்துவிடலாம். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டி, அட்மினாகத் திறந்து, விஎஸ்எஸ்அட்மின் ஒரே சொல்லாக, இடம் விட்டு லிஸ்ட், இடம் விட்டு ஷேடோஸ்டோரேஜ் ஒரே சொல்லாக. எல்லாம் ஆங்கில எழுத்தில்தான், இங்கே தமிழில் எழுதிக் காட்டுகிறேன். அடுத்து அதையே லிஸ்ட் ஷேடோஸ் என்று போடுங்கள், பிரதிகள் எப்போது எடுத்தவை என்று தேதி வரும். இரண்டும் பார்க்க மட்டும்தான், எதையும் மாற்றாது.

கேள்வி: எப்போதாவது பேக்கப் மென்பொருள் ஏதும் போட்டீர்களா?


செந்தூல்_தையல்

முதல் கட்டளையில் யூஸ்டு 195 ஜிபி, 41 சதவீதம், மேக்சிமம் என்ற இடத்தில் அன்பவுண்டட் (வரம்பில்லை), 100 சதவீதம். இரண்டாவதில் இரண்டு பிரதிகள். இரண்டுமே போன தீபாவளிக்கு முன்னால் எடுத்தவை.

பேக்கப்... ஆமாம். போன வருடம் ஒரு இலவச முன்னோட்ட மென்பொருள் போட்டேன், பணம் கட்டச் சொன்னதும் நீக்கிவிட்டேன். நீக்கி வெகு நாளாகிறது.


பிறைப்_பாலம்

அதுதான். மென்பொருளை நீக்கினாலும் அது எடுத்த பிரதியும் அது வைத்த வரம்பும் அப்படியே தங்கிவிட்டன, ஏனென்றால் அவை மென்பொருளுக்குச் சொந்தமில்லை, விண்டோஸுக்குச் சொந்தம். அன்றிலிருந்து நீங்கள் மாற்றிய ஒவ்வொரு துண்டின் பழைய வடிவமும் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கிறது.


பட்டன்_தட்டி

அப்போ 1 டிபி எஸ்எஸ்டி மாற்றினால் முடிந்தது. லோயாட் கணினிக் கடைத்தொகுதிக்குப் போனால் அரை நாளில் மாற்றித் தந்துவிடுவார்கள்.


ஈப்போ_ரோடு

தம்பி, வரம்பு இல்லாமல் வளர்வதற்கு 1 டிபி கொடுத்தால் 1 டிபியிலும் வளரும். டிஸ்க்கை அப்படியே குளோன் அடித்துத்தான் மாற்றுவார்கள், சில மென்பொருளில் இந்த 196ம் சேர்ந்தே புது டிஸ்க்குக்குப் போகும். காசு கொடுத்துப் பிரச்சினையைப் பெரிய வீட்டுக்குக் குடிமாற்றுவதற்கு லோயாட் வரை போக வேண்டுமா?


நாசி_கண்டார்

பினாங்கு பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு லினக்ஸ் ஆள். இதே நோய் எங்கள் பக்கமும் உண்டு, ஆனால் உருவம் வேறு, தேடி வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

லினக்ஸில் டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை ஒரு எண் சொல்லும், கோப்புகளைக் கூட்டிச் சொல்லும் டியு கட்டளை வேறு எண் சொல்லும், அக்காவின் 467க்கும் 214க்கும் உள்ள அதே தகராறு. அதிகம் மாட்டுவது அழித்தும் போகாத கோப்பு. ஒரு லாக் கோப்பு (நிரல் தன் நடவடிக்கைகளைக் குறித்துவைப்பது) பெரிதாகிவிட்டது என்று அழித்துவிடுவோம், ஆனால் அதை எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் திறந்தே வைத்திருக்கும். பெயர் போய்விடும், டியு கண்ணுக்குத் தெரியாது, இடம் மட்டும் திரும்பாது. எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் பிளஸ், எல், 1 என்று சேர்த்து ஓட்டினால் அப்படிப்பட்ட கோப்புகளையும் எந்த நிரல் பிடித்திருக்கிறது என்பதையும் காட்டும். அந்த நிரலை நிறுத்தித் திறந்தால் போதும், இடம் உடனே வந்துவிடும்.

இன்னொன்று, இதில்தான் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வெளி டிஸ்க்குக்கு இரவில் பேக்கப் எடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருப்பார்கள். ஒரு நாள் டிஸ்க்கைச் செருக மறந்திருப்பார்கள். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, அந்த வெற்று ஃபோல்டருக்குள்ளேயே, அதாவது உள் டிஸ்க்கிலேயே, முழு பேக்கப்பையும் கொட்டிவிடும். மறுநாள் டிஸ்க்கைச் செருகியதும் அது மேலே வந்து உட்கார்ந்து கீழே இருப்பதை மூடிவிடும். எத்தனை தடவை தேடினாலும் கிடைக்காது. டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இவை இரண்டும் இல்லை, ஆனாலும் காலி இடம் குறைவாகக் காட்டுகிறது என்றால், லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீதத்தை ரூட்டுக்கு (நிர்வாகக் கணக்கு) என்று ஒதுக்கி வைக்கும், 1 டிபியில் அது ஏறக்குறைய 50 ஜிபி. வெறும் படங்கள் வைக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை கொண்டு அதைக் குறைத்துக்கொள்ளலாம், சிஸ்டம் டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம்.


செந்தூல்_தையல்

நாசி அண்ணே எழுதியது எனக்குப் பாதி புரியவில்லை, இருந்தாலும் நன்றி. பிறை அண்ணே, இப்போது நான் என்ன செய்ய? அந்த 196ஐ அழித்தால் என் படங்கள் போய்விடுமா?


பிறைப்_பாலம்

இப்போது நீங்கள் திறந்து பார்க்க முடிகிற எந்தப் படமும் போகாது. அங்கே இருப்பதெல்லாம் பழைய நிலை. போவது ஒன்றே ஒன்று, போன வருடம் இருந்து நடுவில் அழிந்துபோன ஏதாவது ஒரு கோப்பை அந்தப் பிரதியிலிருந்து மீட்கும் வாய்ப்பு. அப்படி ஏதாவது தேட வேண்டியிருந்தால் இப்போதே சொல்லுங்கள், முதலில் அதை எடுத்துக்கொள்ளலாம். அழித்த பின் கேட்டால் கிடைக்காது.

அதற்கு முன்னால் தீபாவளி ஆர்டர் ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இதனால் ஆபத்து என்று சொல்லவில்லை, 9 ஜிபி காலியோடு ஓடுகிற கணினியில் எந்த வேலை செய்வதற்கு முன்னாலும் அது நல்லது. ஒரே டிஸ்க்கில் இருக்கும் ஷேடோ காப்பியை பேக்கப் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம், டிஸ்க் போனால் சேர்ந்தே போகும்.

அந்த ஃபோல்டருக்குள் நுழைந்து கையால் அழிக்க முயலாதீர்கள். சிஸ்டம் புரொட்டெக்ஷன் என்று ஸ்டார்ட்டில் தேடினால் ஒரு சிறிய பெட்டி திறக்கும். சி டிரைவைத் தேர்ந்து கன்ஃபிகர் தட்டுங்கள். கீழே மேக்ஸ் யூசேஜ் என்று ஒரு இழுப்பான் இருக்கும், அது இப்போது வலது கோடியில் நிற்கும். அதை 4 அல்லது 5 சதவீதத்துக்கு இழுத்து அப்ளை கொடுங்கள். வரம்புக்கு மேல் உள்ள பழைய பிரதிகளை விண்டோஸே கழித்துவிடும். பக்கத்தில் டிலீட் பொத்தானும் இருக்கும், ஆனால் அது மீட்புப் புள்ளிகளுக்கானது, வேறு மென்பொருள் எடுத்த பிரதி அதற்குத் தப்பித் தங்கிவிடலாம். இழுப்பான்தான் நல்லது, மறுபடி வளர்வதையும் அதுவே தடுக்கும்.

நெட்டில் தேடினால் விஎஸ்எஸ்அட்மினில் எல்லாவற்றையும் ஒரே வரியில் அழிக்கும் கட்டளையும் கிடைக்கும். வேலை செய்யும். ஆனால் பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர்கள் முதலில் ஓட்டுவதும் அதே வரியைத்தான், அதனால் சில ஆன்டிவைரஸ்கள் அதைக் கண்டால் ஊரைக் கூட்டிவிடும். உங்களுக்குத் தேவையில்லை.


வெள்ளைக்_காப்பி

சிஸ்டம் புரொட்டெக்ஷனையே மொத்தமாக அணைத்துவிட்டால் இன்னும் இடம் மிச்சமாகுமே?


பிறைப்_பாலம்

மிச்சமாகும் அண்ணே, 5 சதவீதம், 23 ஜிபி சொச்சம். டிரைவர் ஒன்று சொதப்பி திரை கறுப்பாகிற அன்றைக்கு அந்த 23 ஜிபிதான் கடைக்குப் போகாமல் காப்பாற்றும். நான் அணைக்கச் சொல்லமாட்டேன். ஹைபர்ஃபில்லை அணைக்கிற விஷயம் வேறு, இடம் ரொம்ப நெருக்கடி என்றால் செய்யலாம். ஆனால் மடிக்கணினி, பேட்டரி தீரும்போது திறந்திருக்கும் வேலையைக் காப்பாற்றுவது அதுதான். 6 ஜிபிக்காக அதை இழக்க வேண்டுமா என்பது அக்காவின் விருப்பம்.


செந்தூல்_தையல்

செய்துவிட்டேன்!! வெளி டிஸ்க்குக்கு நகல் எடுத்துவிட்டு இழுப்பானை 5க்கு இழுத்தேன். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது, பெட்டி அப்படியே உறைந்து நின்றது, பயந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பெட்டி மூடியது, டிரைவைப் பார்த்தால் காலி 205 ஜிபி. சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. படங்கள் எல்லாம் பத்திரம்.

இப்போது கூட்டினாலும் 6, 7 ஜிபி இடிக்கிறது. அதையும் கேட்டுவிடுகிறேனே.


ஈப்போ_ரோடு

அது ரிசர்வ்டு ஸ்டோரேஜ் ஆக இருக்கும். விண்டோஸ் 10ன் 1903 பதிப்பிலிருந்து அப்டேட்டுக்கு என்று ஏறக்குறைய 7 ஜிபியை ஒதுக்கிவைக்கிறான். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் சிஸ்டம் அண்டு ரிசர்வ்டு என்பதைத் தட்டினால் எவ்வளவு என்று தெரியும். அதை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் அப்டேட் வரும்போது இடமில்லை என்று அழும்.

விண்டோஸ் 10லிருந்து இப்போதுதான் 11க்கு மாறியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் டிஸ்க்கில் விண்டோஸ்.ஓல்டு என்று ஒரு ஃபோல்டர் இருபது முப்பது ஜிபிக்குக் கிடக்கும். 2025 அக்டோபர் 14ல் 10க்கு ஆதரவு நின்றது, அந்த நேரத்தில் மாறிய பல கணினிகளில் இதே புலம்பல்தான். பத்து நாளில் தானாகப் போய்விடும், அதுவரை பழசுக்குத் திரும்பும் வழியாக விட்டுவைத்திருக்கிறார்கள். அவசரமென்றால் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்தில் டிக் செய்து நீக்கலாம். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு வரி இருக்கும், எல்லாவற்றையும் தட்டுகிற ஜோரில் அதையும் தட்டிவிடாதீர்கள், அது உங்கள் சொந்த டவுன்லோட் ஃபோல்டர்.

உறவினர் கிளினிக்கில் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினி இருந்தது, அதில் கதை வேறு மாதிரி. விண்டோஸ் ஃபோல்டருக்குள் டெம்ப், அதில் கேப் என்று தொடங்கும் கோப்புகள், ஒவ்வொன்றும் நூறு எம்பி வாக்கில், வரிசை வரிசையாக. அப்டேட் பற்றிய லாக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டிவிட்டது, சுருக்கிவைக்கும் நிரலுக்கு 2 ஜிபிக்கு மேல் முடியாது, முயன்று தோற்று அரைகுறைக் கோப்பை விட்டுவிட்டு, மறுபடி முயன்று, மறுபடி தோற்று... இப்படியே டிஸ்க் நிரம்பும் வரை. பெரிய லாக்கை அழித்தபிறகுதான் ஓய்ந்தது. வெறும் டெம்ப்பை மட்டும் துடைத்திருந்தால் மறு வாரமே திரும்பியிருக்கும்.


பட்டன்_தட்டி

அக்கா, தம்பி கணக்கில் 34 ஜிபி என்று போட்டிருந்தீர்களே, அது என்ன?


செந்தூல்_தையல்

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி பினாங்கில் படிக்கிறான், விடுமுறைக்கு வந்தால் இதில் தன் போனைச் செருகுவான். ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், பேக்கப் என்று உள்ளே உள்ளே போகிறது, கடைசியில் பெயர் புரியாத ஆயிரக்கணக்கான கோப்புகள், முப்பது ஜிபிக்கு மேல். அவன் பழைய ஐபோன் போல. அந்தப் போனை விற்றே வெகு நாளாகிறது. தூக்கிவிடலாமா?


நாசி_கண்டார்

அக்கா, அதை நீங்கள் அழிக்காதீர்கள், அவரைக் கேளுங்கள். போனை விற்றாலும் அதில் இருந்த பழைய வாட்ஸ்அப் பேச்சும் படங்களும் இந்த ஒரு இடத்தில் மட்டும் இருக்கலாம். புது போனுக்கு எல்லாம் ஏற்றியாகிவிட்டதா என்று அவருக்குத்தான் தெரியும்.


பிறைப்_பாலம்

ஆமாம். வேண்டாம் என்று தம்பி சொன்னால் ஃபோல்டரை நேராக அழிப்பதைவிட, அவர் கணக்கில் நுழைந்து ஐடியூன்ஸில், புது கணினியில் ஆப்பிள் டிவைசஸ் என்று இருக்கும், செட்டிங்ஸில் பேக்கப் பட்டியல் வரும், எந்தப் போன், எந்தத் தேதி என்று எழுதியிருக்கும், அங்கிருந்து நீக்கலாம். பெயர் புரியாத ஃபோல்டரில் தவறானதைத் தூக்கும் வம்பு இல்லை.

வேண்டும் என்று சொன்னால், அந்தப் பேக்கப் ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். உள்ளே எதையும் பெயர் மாற்றவோ பிரிக்கவோ கூடாது, ஒரு கோப்பு குறைந்தாலும் மீட்கும்போது தகராறு செய்யும். திரும்பத் தேவைப்படும் அன்று அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தால் பட்டியலில் தெரியும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய பேக்கப்பா என்று மட்டும் தம்பியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கடவுச்சொல் இல்லாமல் அது திறக்காது.


செந்தூல்_தையல்

கேட்டுவிட்டேன். பழைய போன் படமெல்லாம் வேண்டுமாம், கடவுச்சொல் என்ன என்று யோசித்துச் சொல்கிறேன் என்கிறான் 🤦 வெளி டிஸ்க்குக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, சின்னச் சின்னக் கோப்புகள் என்பதால் ஆமை வேகம்.


ஓய்வு_வாத்தியார்

அம்மணி, கடைசியாக ஒன்று. பினாங்கு தண்ணீர்மலைக் கோயில் தைப்பூசம் முடிந்தால் எங்கள் குழுவில் ஒரே காவடி வீடியோவை ஆளாளுக்கு அனுப்புவார்கள். கணினியில் வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தால் அதெல்லாம் டிஸ்க்கில் இறங்குமா?


ஈப்போ_ரோடு

செட்டிங்ஸில் ஆட்டோ டவுன்லோட் இருந்தால் இறங்கும் ஐயா. வீடியோ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், நீங்கள் தட்டினால் மட்டும் இறங்கும். ஏற்கெனவே இறங்கியதைப் பார்க்க விஸ்ட்ரீயில் ஃபைல் வியூ என்று மேலே ஒரு தாவல் இருக்கிறது, அதில் எம்பி4 என்று தேடினால் டிஸ்க்கில் உள்ள எல்லா வீடியோவும் அளவு வரிசையில் வந்து நிற்கும். ஒரே அளவில் நாலைந்து அடுத்தடுத்து நின்றால் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மற்றதை நீக்குங்கள்.